தகப்பன் பெயருக்கு எழுந்து நிற்பது

4-7-65, ஞாயிறு

விடியும் முன்பே மழை. ஜன்னலின் கீழ்மூலையில் ஒழுகல். பழைய துண்டைச் சுருட்டி அடைத்தாயிற்று.

இன்று செய்ய வேண்டியவை: ரேஷன் அரிசி. கண்ணாடிக்குப் புதுக் கால். மூன்றாம் மாடி விஸ்வநாதனிடம் முடியாது என்று சொல்வது.

அரிசி வாங்கியாயிற்று. மூக்குக் கண்ணாடிக் கடை பூட்டு. மூன்றாவது நடக்கவில்லை.

விஸ்வநாதன் (இனி வி.) ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து ஊருக்கு உழைக்கிறார். இப்போது வேலை கிடைக்காத பட்டதாரிகளுக்கு வழிகாட்டி வகுப்பு. மாட்டுங்கா சங்கத்து ஹாலில், ஞாயிறு காலையும் வியாழன் மாலையும். நான் வந்து பேச வேண்டுமாம். "உங்க கம்பெனியில யாரை எடுக்கறது, யாரைத் தள்ளறதுன்னு நீங்கதானே பார்க்கறேள். உள்ளே இருக்கறவா சொன்னாத்தான் வெளியில நிக்கறவாளுக்குப் புரியும்." போனேன்.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்பதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். வேலை ஒன்று, ஆள் நூறு. நூறு பேருக்கும் நன்றாக உட்காரக் கற்றுக்கொடுத்தால் வேலை இரண்டாகிவிடுமா?

ஹாலில் இருபது பேர் இருக்கும். பாதிக்கு மேல் தாராவி. மீதி செம்பூர், குர்லா, விக்ரோலி. பெண்கள் மூவர். எல்லோரும் கடைசி பெஞ்சிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தார்கள். என்ன வேலை தேடுகிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒரே பதில்: எந்த வேலையானாலும் சரி. அப்படி எழுதிய விண்ணப்பத்தைத்தான் நான் முதலில் ஒதுக்கி வைப்பேன் என்றேன். வி. இருமினார்.

வீட்டில் சரோஜா (தம்பி மனைவி): "அக்கா, அந்தக் குழந்தைகளை நீங்க பயமுறுத்தாம இருந்தா சரி."

8-7-65, வியாழன்

ஆபீஸில் மாதாந்திர அறிக்கை. மத்தியானம் தலைவலி. லோக்கல் ரயிலில் ஒருத்தியின் குடை ஈரம் முழுக்க என் புடவையில்.

இரண்டாவது வகுப்பு. "எந்த வேலையானாலும்" என்பதைக் கிழித்துப் போட்டுவிட்டு, தனக்கு என்ன செய்ய வரும் என்று மூன்று வரி எழுதச் சொன்னேன். அரை மணி நேரம் பேனாவைக் கடித்தார்கள். பிறகு பார்த்தால் ஒருவன் நான்கு வருஷம் மாமாவின் பலசரக்குக் கடையில் சரக்கு எடுத்து, வைத்து, தீர்ந்ததைச் சொல்லி வாங்கியிருக்கிறான். அதை எங்கும் எழுதியதில்லை. ஏன் என்றேன். "அது வீட்டு வேலதான மேடம்."

பெயர் தங்கராஜ். பாளையங்கோட்டையில் பி.ஏ. பொருளாதாரம். தாராவியில் அப்பாவுடன் இருக்கிறான். அப்பா தோல் பதனிடும் பட்டறையில். ஒல்லி. சட்டை இஸ்திரி கத்திபோல.

தொழிற்சாலைகளில் ஸ்டோர்ஸ் என்று ஒரு பகுதி உண்டு, சாமான் வருவதும் போவதும் பார்ப்பது, நீ செய்தது அதேதான் என்றேன். அப்படியொரு வேலை இருப்பதே அவனுக்குத் தெரியாது. கிளார்க், வாத்தியார், போலீஸ், இவ்வளவுதான் இத்தனை நாள் அவன் உலகத்தில் இருந்த உத்தியோகங்கள்.

விக்ரோலியில் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸுக்கு ஆள் கேட்டு விளம்பரம் கொடுத்திருக்கிறது. வி. கத்தரித்து வைத்திருந்தார். நாளைக்கே நேரில் கொடுக்க வேண்டும். அங்கேயே விண்ணப்பம் நிரப்பினோம். கடைசிக் கட்டத்தில் எல்லோருக்கும் தடுக்கியது: சர்நேம். இந்த ஊரில் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் வேண்டும். நமக்கோ முன்னால் ஓர் எழுத்து. அப்பாவின் பெயரை முழுதாகப் போடுங்கள் என்றேன். எனக்கு அப்படித்தான். ஆபீஸில் இத்தனை வருஷமாக மிஸ் கிருஷ்ணசாமி. அப்பா போய் எவ்வளவோ காலமாகிவிட்டது.

எஸ். தங்கராஜ், தங்கராஜ் சுடலைமுத்து ஆனான்.

11-7-65, ஞாயிறு

வெயில் எட்டிப் பார்த்தது. சரோஜா எல்லாத் தலையணைகளையும் பால்கனியில் போட்டு, எல்லாவற்றையும் மழையில் எடுத்தாள்.

தங்கராஜுக்கு விக்ரோலியிலிருந்து அழைப்பு. புதன்கிழமை நேர்முகம். கை கொடுக்காமல் கும்பிட்டான். வகுப்பே அவனுக்கு ஒத்திகை நடத்தியது. வி. அதிகாரியாக உட்கார்ந்து அநியாயத்துக்கு முறைத்தார்.

கிளம்பும்போது தங்கராஜ் பின்தங்கினான். அப்பா சொல்லிவிட்டாராம்: ஆகஸ்ட் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, தோல் கிடங்கில் சேர வேண்டும். மேஸ்திரியிடம் பேசி இடம் வாங்கிவிட்டார். கோபமா என்று கேட்டேன். "கோவம்லாம் இல்ல மேடம். படிச்சது வீணுன்னும் சொல்லல. ஒன்றர வருசமாச்சு, சும்மா இருக்கப்பிடாதுன்னுதான் சொல்லுதாவ. அங்க போனா அப்புறம் எங்கயும் கூப்பிட மாட்டாவ, அதான்." துணியில் ஏறிய தோல் வாசம் போகாது, அந்தச் சட்டையோடு எந்த ஆபீஸில் போய் உட்கார என்றான்.

வாக்குக் கொடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

14-7-65, புதன்

கொட்டு மழை. குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர். பையன் விக்ரோலி போய்ச் சேர்ந்திருப்பானா என்று இரண்டு முறை நினைத்தேன். மூன்று.

15-7-65, வியாழன்

வகுப்புக்குத் தங்கராஜ் வரவில்லை. "கிடைச்சிருக்கும், மிட்டாய் வாங்கப் போயிருப்பான்" என்றார் வி. இவருக்கு எல்லாமே நன்றாகத்தான் நடக்கும். ரயில்வேயில் எப்படிக் காலம் தள்ளினார்?

செம்பூரிலிருந்து வரும் எஸ்தர், பி.எஸ்ஸி. ரசாயனம், டைப்ரைட்டிங் வேண்டாம் என்கிறாள். எல்லோரும் அதையே படிக்கச் சொல்கிறார்களாம். மருந்துக் கம்பெனிகளில் பரிசோதனைக்கூடம் இருக்கிறது, விசாரி என்றேன். முகம் மலர்ந்தது. இவர்களுக்கு வேலை கிடைக்காததைவிட வேலைகளின் பெயர் தெரியாததுதான் பெரிய குறையாகப் படுகிறது.

18-7-65, ஞாயிறு

பல்வலி. கிராம்பு.

தங்கராஜ் வந்தான், தலை கவிழ்ந்து. நேர்முகம் என்ன ஆயிற்று என்றால் "நடக்கல மேடம்" என்றான். துருவிக் கேட்ட பிறகுதான் வந்தது.

நேரத்துக்குப் போயிருக்கிறான். ஈரத்தில் நடந்து, குழாயடியில் காலைக் கழுவி, ஹாலில் மற்றவர்களுடன் உட்கார்ந்திருக்கிறான். பியூன் கதவைத் திறந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறான். ஒரு முறை வந்து, யார் அது என்று இந்தியில்: "சுடலைமுத்து! சுடலைமுத்து கோன் ஹை?"

இவன் எழுந்து வாசலுக்கு ஓடியிருக்கிறான். அப்பாதான் தேடி வந்துவிட்டார் என்று. வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது, இல்லாவிட்டால் பட்டறையை விட்டு இவ்வளவு தூரம் ஏன் வரப்போகிறார்? கேட் வரைக்கும் மழையில் ஓடி, காவல்காரனிடம் அப்பாவின் அடையாளம் சொல்லி, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். அப்பா இல்லை என்றதும் நிம்மதி. ஹாலில் போய் உட்கார்ந்து, தங்கராஜ் என்று கூப்பிடுவார்கள் என்று சாயந்திரம் வரை காத்திருந்தான். ஹால் காலியான பிறகு பியூனைக் கேட்டால், சுடலைமுத்து வரவில்லை என்று குறித்தாகிவிட்டது, போ.

வகுப்பு சிரித்தது. குர்லா பையன் ஒருவன், "அரே தோஸ்த், உன் அப்பனையே இன்டர்வியூக்கு அனுப்பியிருக்கலாம்ல" என்றான். தங்கராஜும் சிரிக்கப் பார்த்தான். எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை.

எழுதச் சொன்னது நான். எழுதிய பெயரில்தான் கூப்பிடுவார்கள் என்று சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மிஸ் கிருஷ்ணசாமி என்றால் நான் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டது. அது பழக்கம் என்பதே மறந்துபோயிருந்தது.

வி. உடனே மன்னிப்புக் கடிதம் எழுதலாம் என்றார். நான் உள்ளதைச் சொன்னேன்: வராதவன் என்று குறித்துவிட்டால் அந்த ஃபைலை மூடிவிடுவார்கள். எங்கள் ஆபீஸில் நானே திறப்பதில்லை. அடுத்ததைத் தேடு.

தங்கராஜ்: "அடுத்தது ரெண்டாம் தேதிக்குள்ள வருமா மேடம்?"



19-7-65, திங்கள்

பல் டாக்டர். பிடுங்க வேண்டாமாம்.

ஆபீஸில் நாள் முழுதும் அந்தப் பையன் மழையில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதே மனதில். மாட்டுங்காப் பையன்களுக்கு இந்த வகுப்பே தேவையில்லை. அவர்களுக்கு ஆபீஸில் மாமா இருக்கிறார். சித்தப்பா இருக்கிறார். இங்கே எப்படிக் கூப்பிடுவான், எங்கே கையெழுத்து, எந்த ஆளுக்கு முதலில் வணக்கம், எல்லாம் காபி ஆறுவதற்குள் காதில் விழுந்துவிடும். யாரும் கற்றுக்கொடுத்ததாகவே தெரியாது. எனக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது. தாராவிப் பையனுக்கு அந்த மாமா இல்லை. வகுப்பு செய்ய வேண்டியது அவ்வளவுதான்: மாமாவாக இருப்பது. வேலை இரண்டாகாது. ஆனால் கதவு திறக்கும்போது இவனும் உள்ளே இருக்கலாம்.

இதை வி.யிடம் சொல்லப்போவதில்லை. தலைகால் தெரியாமல் ஆடுவார்.

22-7-65, வியாழன்

இன்று எங்கள் ஆபீஸிலேயே நேர்முகம். பியூன் "வேலாயுதம்!" என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே வந்து கையை விரித்தான். மேலதிகாரி அடுத்த விண்ணப்பத்தை எடுத்துவிட்டார். நான் எழுந்து ஹாலுக்குப் போனேன். இதுவரை போனதில்லை. வேலாயுதம் என்கிற பெயர் யாருடைய வீட்டில் என்று தமிழில் கேட்டேன். மூலையிலிருந்து ஒருவன் பாதி எழுந்தான்.

"அது எங்க அப்பா, மேடம்."

உள்ளே வா என்றேன். நன்றாகவே பேசினான். எடுப்பார்களா தெரியாது.

சாயந்திரம் வகுப்பு. வழக்கமான பாடத்தை ஒதுக்கிவிட்டு, ஹாலில் நாற்காலி போட்டுக் காத்திருக்கச் சொன்னேன். வி.தான் பியூன். இதற்காகவே பிறந்தவர்போல பீடியில்லாமலே பீடிக் குரலில் கத்தினார். "பொன்னுசாமி! ஜல்தி!" ஒருவரும் அசையவில்லை. இரண்டு பேர் கதவைப் பார்த்தார்கள். மறுபடி. ஒருவன் எழுந்து, அப்பாவையே பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்ட மாதிரி கூச்சத்தோடு நடந்து வந்தான். தங்கராஜ் கேட்டான்: "மேடம், அவியள மொட்டையாப் பேரச் சொல்லிக் கூப்பிடும்போது நாம எந்திரிச்சு 'எஸ் சார்'னா அது மரியாதக் கொறச்ச இல்லையா?" வீட்டில் அம்மாகூட அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லையாம்.

கூப்பிட்டதற்கு எழுந்திருக்காமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு என்றேன். அந்த நேரத்துக்கு வாயில் வந்தது. சரியா தெரியவில்லை.

"அருளப்பன்!" எஸ்தர் முதல் தடவையே எழுந்து போனாள். திரும்பி உட்கார்ந்தவள், இன்னொரு தரம் கூப்பிடச் சொல்லி வி.யிடம் கேட்டாள். அவள் அப்பா போய் மூன்று வருஷம். வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுப்பதில்லையாம், அம்மா அழுவாள் என்று. வி. மறுபடி கூப்பிட்டார். அப்போது மட்டும் பீடிக் குரல் இல்லை.

முடிந்து போகும்போது தங்கராஜ் சொன்னான்: திங்கட்கிழமை விக்ரோலி போனான், காவல்காரன் விரட்டினான். செவ்வாயும் போனான். இன்றும். என்னிடம் கேட்டிருந்தால் போகாதே என்றிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை போலிருக்கிறது.

இன்று கேட்டில் நேர்முகம் நடத்தும் அதிகாரியின் வண்டி மழைக்காக நின்றிருக்கிறது. இவன் போய் ஜன்னல் பக்கம் நின்று, வகுப்பில் பழகிய மாதிரி மூன்றே வாக்கியம் இங்கிலீஷில். நேர்முகத்துக்கு வந்திருந்தேன். சுடலைமுத்து என் அப்பாவின் பெயர், அவர்தான் வந்திருக்கிறார் என்று வெளியே ஓடினேன். இன்னொரு முறை கூப்பிட்டால் எழுந்து வருவேன்.

அதிகாரி மராத்திக்காரர். கேட்டாராம்: அப்பா வந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? "வீட்டுக்குப் போயிருப்பேன் சார்" என்றிருக்கிறான்.

எந்த நேர்முகத்திலும் சொல்லக் கூடாத பதில். அவர் வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விட்டாராம். ஆனால் காவல்காரனிடம் சொல்லியிருக்கிறார்: சனிக்கிழமை நேர்முகத்துக்கு வரும் இரண்டாவது கூட்டத்தோடு இவனை உள்ளே விடு.

24-7-65, சனி

அரை நாள் ஆபீஸ். சரோஜாவுடன் மார்க்கெட். கத்தரிக்காய் தீ விலை. அவள் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. "அக்கா, இன்னிக்கு நீங்க எங்கே இருக்கேள்?" விக்ரோலியில் என்று சொல்லவில்லை.

25-7-65, ஞாயிறு

கூப்பிட்டார்களாம். முதல் குரலுக்கே எழுந்துவிட்டானாம். பலசரக்குக் கடையைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். எலி, ஈரம், எடை குறைவது. எல்லாம் தெரிந்த விஷயம். சம்பளம் பற்றிப் பேச்சு வரவில்லை. தெரிவிக்கிறோம் என்றார்கள். அந்த வார்த்தையை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். எதற்குச் சொல்வோம் என்று தெரியும். அவனிடம் அதைச் சொல்லவில்லை.

எஸ்தரை ஒரு மருந்துக் கம்பெனி பரிசோதனைக்கூடத்துக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். வகுப்புக்குப் புதிதாக ஆட்கள். நாற்காலி போதவில்லை. பெஞ்சு இழுத்துப் போட்டோம். இப்போது முன்வரிசையிலிருந்து நிரம்புகிறது.

29-7-65, வியாழன்

மழை. தபால் ஒன்றும் இல்லை என்றான் தங்கராஜ். கிடங்குக்குப் போட்டுக்கொள்ள அப்பா காக்கிக் கால்சட்டை வாங்கி வைத்துவிட்டாராம். நீளம் சரியாக இருக்கிறதாம்.

ரெண்டாம் தேதி போய்விட்டாலும் வியாழக்கிழமை வகுப்புக்கு வா என்றேன். "வாசம் அடிக்குமே மேடம்." ஜன்னல் பக்கம் உட்கார் என்றேன்.

இரவு சாப்பாடு பிடிக்கவில்லை. வி. மாடிப்படியில் நிறுத்தி, வரும் பாருங்கோ, வரும் என்றார். எரிச்சலாக வந்தது. வரட்டும் என்றும் இருந்தது.

31-7-65, சனி

காலையில் கண்ணாடிக்குப் புதுக் கால், கடைசியாக. மத்தியானம் தூக்கம் வராமல் படுத்திருந்தேன்.

நாலு மணிக்கு மேல் கதவு தட்டல். சரோஜா, "அக்கா, உங்களைத் தேடிண்டு" என்றாள். தங்கராஜ். பின்னால், இரண்டு படி கீழே, ஒருவர். வெள்ளை வேட்டி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, முழங்கை வரை கறுத்துப்போன கை.

தபால் மத்தியானம்தான் வந்திருக்கிறது. ஸ்டோர்ஸில் உதவியாளர். ஆறு மாதம் தற்காலிகம். திங்கட்கிழமை காலை வர வேண்டும். காகிதத்தை என்னிடம் கொடுத்து, படித்துச் சரிதானா என்று சொல்லச் சொன்னான். நான் படித்தேன். சரிதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.

அப்பாவை உள்ளே வரச் சொன்னேன். வரமாட்டேன் என்றார். வாசம் என்று சொல்லாமல் கையை மட்டும் காட்டினார். சரோஜா நாற்காலியைத் தூக்கி நடையிலேயே போட்டாள். காபி கொண்டுவந்தாள். அவளைப் பற்றி நான் மனதுக்குள் எழுதிவைத்ததில் பாதியை அடிக்க வேண்டும்.

மேஸ்திரியிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். இடம் இருக்கட்டும், பக்கத்து வீட்டுப் பையனைச் சேர்த்துவிடலாம் என்றார். கால்சட்டையும் அவனுக்குச் சரியாக இருக்குமாம்.

காபி குடித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. ஏதோ கேட்க வேண்டும்போல என்னையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில்:

"அம்மா, அங்க இவன எம்பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாவளாமே. மெய்தானா?"

ஆமாம் என்றேன். இந்த ஊர் வழக்கம் அது.

"நாள் பூராவுமா?"

"நாள் முழுக்க. வேலையில் இருக்கிற வரைக்கும்."

தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு பையன் பக்கம் திரும்பினார்.

"அப்ப, நீ தப்புப் பண்ணுனா ஏசறதும் எம்பேரச் சொல்லித்தான் ஏசுவாவ. பாத்து நடந்துக்க, லே."